கடல் எப்படி இருந்துச்சு என்று கேட்டாய்

என் பிலோ அக்காவுக்கு,

பசியாறிட்டியா? நீ இருக்கும் இடத்தில் அந்தக் கவலை கிடையாது என்று தெரியும். இருந்தாலும் தினமும் உன்னிடம் பேச்சைத் தொடங்கியது இந்தக் கேள்வியில்தான். வேறு விதமாகத் தொடங்க எனக்கு வரவில்லை.

அலுப்பாக இருக்கிறது அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என் எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் அல்லவா? நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் இவரைப் புரட்டிப் படுக்க வைக்க நாலு கை வேண்டும். இப்போது வீட்டில் இரண்டு கைதான் இருக்கிறது. லிஃப்ட் ஓடாத நாளிலும் மூன்றாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடிக்குப் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "மாப்பிள்ளை, இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பாய். பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதர், அந்தக் கேள்விக்கு மட்டும் சிரிப்பார். நானும் அதையே கேட்டுப் பார்க்கிறேன். சிரிக்க மாட்டேன் என்கிறார்.

உன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது அங்கே ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

சரி, செய்திக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நான் சொங்க்லா போய் வந்தேன்.

ஆமாம், அதே சொங்க்லாதான். காலையில் பினாங்கிலிருந்து கிளம்பி, எல்லை தாண்டித் தாய்லாந்தின் அந்தக் கடலோர ஊரையும் பக்கத்தில் இருக்கும் கோ யோ தீவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற அதே ஒருநாள் பயணம். ஏழு வருஷத்துக்கு முன்னால் போனது மாதிரியே நம் தேவாலயப் பங்குப் பெண்கள்தான் ஏற்பாடு. வழிகாட்டியும் அதே நிபோங் திபால் சேகர்தான். தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். இதைப் பங்கு இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குடும்பத்தில் நிரப்ப வேண்டிய பாரம், மனு, அடையாள அட்டை என்று எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். நான் வக்கீல் ஆபீஸ் கிளார்க். நீ பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள். "நம்ம வீட்டுல படிச்சவ அவதான், அவகிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டிவிடுவாய். அதில் உனக்கு ஒரு பெருமை. உன் பாஸ்போர்ட்டும் என் அலமாரியில்தான் இருந்தது. மகள் ஷீலா பட்டம் வாங்குவதைப் பார்க்க சிங்கப்பூர் போகலாம் என்று என்னுடையதைப் புதுப்பித்துவிட்டேன்; இவரை விட்டுப் போக முடியாமல் போனது வேறு கதை. உன்னுடையதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். அடுத்த மாதம் மறந்துபோனேன்.

பயணத்தன்று இவரோடு இருக்க ஷீலா ஒத்துக்கொண்டாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் நீ கேட்டாய். "செலின், பாஸ்போர்ட் தேதியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்தியா?" நான் இவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு" என்றேன். நான் பார்க்கவில்லை அக்கா. எழுந்து போய் அலமாரியைத் திறக்கச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாய்லாந்துக்குள் போக வேண்டுமானால் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். உன்னுடையதில் நாலு மாதம்தான் இருந்தது. புக்கிட் காயு ஹித்தாம் எல்லையில், எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்கும் நேரத்தில், சேகர் வந்து சொன்னார். "பிலோ அக்கா, உங்கள விடமாட்டாங்க. தேதி பத்தாது."

அப்போது நான் என்ன செய்தேன்?

நாற்பது பேர் முன்னால் உன்னைத் திட்டினேன். "சொந்த பாஸ்போர்ட்டுல தேதி பாக்கக்கூடவா தெரியாது? ஒரு காரியமாவது ஒழுங்கா செஞ்சிருக்கியா?" என்று கத்தினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் வந்தது.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "என் தப்புதான்லா. மறந்துட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்து வரிசைக்குள் தள்ளினாய். "நீ போ. நான் இங்கயே கடைல உக்காந்திருக்கேன். சாயங்காலம் வர்றப்ப ஏத்திக்குங்க." பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள்.

நான் போனேன். உன்னை எல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விட்டுவிட்டுப் போனேன். ஊரில் எல்லாரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பது என்ன? பாவம் செலின், அக்காவின் மறதியால் தனியாகப் போக வேண்டியதாயிற்று என்று. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் போக ஆசையாக இருந்தது. இவர் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் வீட்டை விட்டு ஒரு முழு நாள் நான் வெளியே இருந்ததே இல்லை.

அந்த ஆசையும் எல்லையைத் தாண்டி அரை மணி நேரம்தான் தாங்கியது. பிறகு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சொங்க்லா கடற்கரையில் எல்லாரும் இறங்கினார்கள். தலைவலி என்று சொல்லி நான் பஸ்ஸிலேயே திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். கடலைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் எல்லையில் நீ ஏறினாய். கையில் எனக்காக ஒரு பொட்டலம் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும். பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கடல் எப்படி இருந்துச்சு?"

"நம்ம கடல் மாதிரிதான். பெருசா ஒண்ணும் இல்ல" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா? அப்ப சரி" என்று பொட்டலத்தைப் பிரித்தாய். அதற்குப் பிறகு சொங்க்லா என்ற பேச்சையே நீ எடுத்ததில்லை.

ஆனால் மற்றவர்கள் எடுத்தார்கள். அன்றிலிருந்து நீ 'பாஸ்போர்ட் அக்கா'. பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில், திருவிழாச் சாப்பாட்டில், தண்ணீர்மலைப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அங்கே, "பாஸ்போர்ட் அக்கா, அடையாள அட்டை கொண்டாந்தீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். நீயும் கைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாய். நம் பங்கு ரோசம்மா அக்காவுக்கு அந்தக் கதை என்றால் உயிர். உன் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பலகாரம் பரிமாறும்போதுகூட அதைத்தான் எடுத்துவிட்டார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறை என் பேரை எழுதிக் கொடுத்தது ரோசம்மா அக்காதான். மூன்று தடவை முடியாது என்றேன். ஷீலா, "அம்மா, ஒரு நாள் போய்ட்டு வாங்க. அப்பாவ நான் பாத்துக்குறேன். லீவு போட்டுட்டேன்" என்று முடித்துவிட்டாள். கடைசியில் நான் ஒத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக. அந்தக் கடலை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும். உனக்குக் காட்ட முடியாததை நானாவது பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது.

இப்போதெல்லாம் தாய்லாந்துக்குள் நுழைய எழுதிக் கொடுக்கும் அந்த வெள்ளை அட்டை கிடையாது. முன்பெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் சங்லூனில் பஸ்ஸை நிறுத்தி, கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் எழுதித் தருவாளே, அது போயே போய்விட்டது. எல்லாம் கைப்பேசியில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். பஸ்ஸில் பதினோரு பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். படிச்சவ அல்லவா. பதினோரு பேருடைய தேதியையும் இரண்டிரண்டு தடவை பார்த்தேன். என்னுடையதை நாலு தடவை.

பாலம் தாண்டி, பட்டர்வொர்த் தாண்டி, விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே சேகர் மைக்கைப் பிடித்துவிட்டார். "அக்காமாரே, தங்கச்சிமாரே, பாஸ்போர்ட்ட ஒருக்கா தொறந்து தேதிய பாத்துக்குங்க. ஏன்னா இந்த சேகரோட பஸ்ஸுல ஒரு அக்கா வந்தாங்க…" என்று ஆரம்பித்தார். புதிதாக வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் ரோசம்மா அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இவ அக்காதான் அது, செத்துப்போச்சு பாவம்" என்று முன் இருக்கைக்காரிக்கு விளக்கம் கொடுத்தார்.

எழுந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடச் செய்தேன். அப்புறம் இருக்கை வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அறுபத்தொரு வயசில் இந்த லட்சணம்.

எல்லையில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. நாற்காலி மட்டும் நிறம் மாறியிருக்கிறது. வரிசையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் நீ அங்கே என்ன செய்தாய்? யாரோடு பேசினாய்? கழிவறைக்கு எங்கே போனாய்? அன்றைக்கே இதை ஏன் கேட்கவில்லை நான்?

எல்லையைத் தாண்டினதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரு மணி நேரம் சும்மா கிடைத்த சந்தோஷம். எனக்கு அந்த நேரத்தையும் தூங்கிவிடலாமா என்றிருந்தது. கோ யோ தீவில் மீன் கூண்டுகளைக் காட்டினார்கள். ஏரி முழுக்கக் குச்சி நட்டு, வலை கட்டி, மீன் வளர்க்கிறார்கள். அங்கே சாப்பிட்ட மீனை நீ சாப்பிட்டிருந்தால் தலையை யாருக்கும் விட்டிருக்க மாட்டாய். சொங்க்லா பழைய ஊருக்குள் நடந்தோம். ஐந்தடி நடைபாதை, மரக்கதவு, சுவரில் சித்திரம், அப்படியே நம் ஆர்மீனியன் தெரு. "இதப் பாக்கவாடி காலைல மூணு மணிக்கு எந்திரிச்சோம்?" என்றார் ரோசம்மா அக்கா. கடற்கரையில் ஒரு கடல்கன்னி சிலை இருக்கிறது, தலைமுடியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மேல்சட்டை இல்லை என்று ரோசம்மா அக்காவுக்கு ஒரே கவலை. தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டுத்தான் படம் எடுத்துக்கொண்டார். பங்குச் சாமியார் பார்ப்பாராம்.

பிறகு நான் மட்டும் கடல் பக்கம் போனேன். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறு.

திரும்பும்போது எல்லையைத் தாண்டியதும் ஜெபமாலை. அது உனக்குத் தெரியும். எந்தப் பயணமானாலும் நம் ஆட்கள் வீடு திரும்பும் வழியில் ஜெபமாலை சொல்லாமல் விட மாட்டார்கள். பாட்டும் கூத்துமாக இருந்த அதே மைக் இருக்கை இருக்கையாகப் போகும். மாலையின் பத்துப் பத்து மணியாக, ஒவ்வொரு பத்துமணிக்கும் ஒருத்தர் அதை வாங்கி, என்ன கருத்துக்காக என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஒருத்தர் பேரனின் பரீட்சைக்காக. ஒருத்தர் மூட்டுவலிக்காக. வெளியே கெடா வயல்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. ஐந்தாவது பத்துமணிக்கு மைக் என் மடியில் வந்து விழுந்தது.

"இந்தப் பத்துமணி என் அக்கா பிலோமினாவோட ஆத்துமாவுக்காக" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று நாள் முழுக்க எனக்குள் கத்திக்கொண்டிருந்ததை அதற்கு மேலும் சுமக்கத் தெம்பில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். காலைல சேகர் சொன்ன கதை தப்பு. எங்கக்கா மறக்கல. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருந்துச்சு. தேதி பாத்தியான்னு கேட்டா, பாக்காமலே பாத்துட்டேன்னு சொன்னது நான். எல்லையில எல்லார் முன்னாலயும் அவள திட்டினதும் நான். அவ எனக்காக ஏழு வருஷம் பேச்சு வாங்கினா. தப்பு என்னோடது."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். என்ன நடக்கும் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. ஏசியின் இரைச்சல் கேட்டது. பின்னாலிருந்து ஒரு குறட்டை வந்தது. திரும்பிப் பார்த்தால், பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷம் அடக்கி வைத்த பாவசங்கீர்த்தனம், கேட்க ஆள் இல்லை. உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதனால்தான் இதைப் பங்கு இதழுக்குக் கொடுக்கிறேன். தூங்கினவர்கள் வாசிக்கட்டும்.

ரோசம்மா அக்கா மட்டும் விழித்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி செலின். பத்துமணிய ஆரம்பி. அலோர்ஸ்டார் தாண்டிருச்சு" என்றார். நான் அருள்நிறை மரியே சொல்லச் சொல்ல, மறுமொழியை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். பத்தும் முடிந்ததும் என் காதில், "நானும் ரொம்பத்தான் பேசிட்டேன்டி அந்தப் புள்ளைய" என்றார். அறுபத்தேழு வயசில் போன உன்னை இன்னும் புள்ளை என்று சொல்ல அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

குரூண் ஓய்வுத்தலத்தில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நான் படிக்கட்டுப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சேகர் இரண்டு கோப்பை தே வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். காலையில் மைக்கில் கத்திய மனிதர் இல்லை அது. ரொம்பவும் தயங்கினார்.

"செலின் அக்கா, நீங்க மைக்ல சொன்னத நான் கேட்டேன். ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"அன்னைக்கு பிலோ அக்காவுக்கு எல்லையில போய்த்தான் தெரிஞ்சிச்சுன்னு நினைக்கிறீங்களா? சங்லூன்லயே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சங்லூனில் வெள்ளை அட்டை எழுத பஸ் நின்றபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி இவர் தூங்கவிடவில்லை. அதனால் நீதான் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாய். எழுதுகிற பெண் தேதியைக் காட்டி இது செல்லாது என்று சொல்லியிருக்கிறாள். சேகரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் உடனே, தங்கச்சிய எழுப்புறேன் அக்கா, இங்கேருந்து பஸ் இருக்கு, ரெண்டு பேரும் திரும்பிப் போயிருங்கன்னு சொன்னேன். பிலோ அக்கா என் சட்டையப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. 'வேணாம் தம்பி. இப்ப சொன்னா அவ எறங்கிருவா, என்கூட வீட்டுக்கு வந்திருவா. எல்லை வரைக்கும் போவோம். அங்க போனா திரும்ப வழி இருக்காது, அவ போய்த்தான் ஆகணும். அவ வெளிய வந்து ரெண்டு வருஷமாச்சு'ன்னு சொன்னாங்க."

தே ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கவில்லை.

"அப்ப அந்தக் கதைய ஏன் இத்தன வருஷம் மைக்ல சொல்றீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அவங்கதான் சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் பஸ்ஸுல ஏறும்போதே, 'இனிமே ஒவ்வொரு தடவையும் என் கதைய சொல்லு, வேற யாரும் இப்படி வந்து மாட்டிக்கக்கூடாது'ன்னாங்க. அப்புறம் இன்னொண்ணும் கேட்டாங்க. தங்கச்சி கடலப் பாத்தாளான்னு. நீங்க பஸ்ஸுலயே படுத்திருந்தத எப்படிச் சொல்றது? பாத்தாங்க அக்கா, ரொம்ப நேரம் பாத்தாங்கன்னு சொல்லிட்டேன். 'அப்ப சரி, அவ வந்து சொல்லுவா. அவ சொன்னா எனக்கு நேர்ல பாத்த மாதிரி இருக்கும், படிச்சவல்ல'ன்னு சொல்லிட்டு ஏறுனாங்க."

அக்கா, உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இதை எழுதும்போதும் வருகிறது. அத்தனை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு எத்தனை சண்டை போட்டிருப்போம்? குளியலறைக் குழாயை மூடாததற்கு, கறியில் உப்புக்கு, இவருடைய மாத்திரைக்கு. ஒரு சண்டையிலாவது, "உனக்காக நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்று நீ ஆரம்பித்திருக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். இல்லை, விழுந்திருக்க மாட்டேன். இன்னும் கத்தியிருப்பேன். அது உனக்குத் தெரிந்துதான் சொல்லவில்லையா?

நீ அவ்வளவு பாடுபட்டு எனக்கு ஒரு நாளை வாங்கிக் கொடுத்தாய். நான் அதைத் திரை போட்டுக்கொண்டு படுத்துக் கழித்தேன். காத்திருந்தவளிடம், பெருசா ஒண்ணும் இல்ல என்று சொன்னேன். தப்பு பாஸ்போர்ட் தேதியில்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பை நீ சங்லூனிலேயே மன்னித்துவிட்டாய் போல. இந்த இன்னொன்றை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் ஷீலா, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இவருடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சொன்னேன். இவர் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உனக்குச் சொல்கிறேன். ஏழு வருஷம் தாமதம்தான். நீ காத்திருப்பதில் கெட்டிக்காரி.

கடற்கரையில் வரிசையாகச் சவுக்கு மரங்கள். அதன் கீழே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவாய் சுடுகிற வாசம். மணல் வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருந்தது, நடந்தால் காலுக்கடியில் கிறீச்சென்று சத்தம் போட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். கரை ஓரத்தில் தண்ணீர் பால் கூடிப்போன தே நிறம். கொஞ்சம் தள்ளிப் பச்சை. அதற்கு அப்பால் நீலம், அதற்கும் அப்பால் கறுப்பு மாதிரி ஒரு நீலம். அலை முழங்கால் வரை வந்து, திரும்பும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் இழுத்துக்கொண்டு போனது. விழுந்துவிடுவேன் என்று பயந்து, பக்கத்தில் கையை நீட்டினேன். பிடிக்க ஆள் இல்லை. ஆனால் விழவில்லை.

கடலுக்குள் இரண்டு சின்னத் தீவு இருக்கிறது. ஒன்று பூனையாம், ஒன்று எலியாம். கரையில் அதற்குச் சிலைகூட வைத்திருக்கிறார்கள். நீ இருந்தால் எது பூனை, எது எலி என்று அரை மணி நேரம் வாதாடியிருப்பாய்.

நாம் பாடாங் கோத்தாவில் சுவர் மேல் உட்கார்ந்து பார்க்கிற கடலுக்கு அக்கரை உண்டு. எதிரே பட்டர்வொர்த் தெரியும், கப்பல் தெரியும், மழை இல்லாத நாளில் கெடா மலை தெரியும். எங்கே பார்த்தாலும் கண் போய் எதிலாவது முட்டி நிற்கும். அங்கே அந்த இரண்டு தீவை விட்டுவிட்டுப் பார்த்தால் எதிரே ஒன்றுமே இல்லை. தண்ணீர், தண்ணீர், அப்புறம் வானம். பார்க்கப் பார்க்க, ஒன்பது வருஷமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்ச நேரம் இறங்கி நின்ற மாதிரி இருந்தது. அழுதேன். உப்புக் காற்றில் யாருக்கும் தெரியவில்லை. சேகர் விசில் ஊதிக் கூப்பிடும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

இது உன் கேள்விக்குப் பதில். இனிமேல் எங்கே போனாலும் திரையை இழுத்துவிட மாட்டேன். நன்றாகப் பார்ப்பேன், வந்து ஒன்றுவிடாமல் சொல்வேன். இவருக்கும் சொல்வேன், கல்லறைக்கு வந்து உனக்கும் சொல்வேன். யார் கேட்டாலும் ஒண்ணும் இல்ல என்று சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

அந்தக் கடல் நம்ம கடல் மாதிரி இல்லை அக்கா. இல்லவே இல்லை.

உன் படிச்ச தங்கச்சி,
செலின்
ஆயர் ஈத்தாம், ஒன்பதாம் மாடி